காற்றை அளந்தவன்

என் தங்கை வீட்டுக்காரனைக் காயில்காரன் என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற தொழில். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றைக் கதவு வைத்த கடை. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். பத்து விரலிலும் வார்னிஷ் கறை. பல்லிடுக்கில் எந்நேரமும் ஒரு துண்டுச் செம்புக் கம்பி. பேசும்போதும் அதை எடுக்க மாட்டான். அவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்லவன் வேஷம் போட்டேன் என்று பிறகு யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

வேலை தெரியாதவன் என்று சொல்ல மாட்டேன். எரிந்த மோட்டாரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தே எதனால் எரிந்தது என்று சொல்லிவிடுவான். ஆனால் தன் கையில் ஒரு தப்பு நடக்கும் என்பதை மட்டும் செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஒருமுறை எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்து மாட்டினான். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்றெல்லாம் கூரைக்குப் போனது. "சூடு மேலதான மச்சான் தங்கும்? அதைக் கலைச்சு விடுது. இதுதான் உடம்புக்கு நல்லது" என்றான், கொஞ்சமும் கூசாமல். ஆறு மாதம் அந்த விசிறிக்குக் கீழே வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

என் வேலையையும் சொல்ல வேண்டும். ஆற்றில் அளவுக் கம்பம் நட்டிருப்பார்களே, அதில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை ஒரு நீளக் கம்பியின் முனையில் சின்ன விசிறி மாதிரி இருக்கும் கருவியைத் தண்ணீருக்குள் இறக்கி ஆற்றின் வேகத்தையும் எடுக்க வேண்டும். இரண்டு இடத்தில் எடுப்பேன். நடைப்பாலத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே ஆறு நெருக்கப்படுகிற இடத்தில் ஒன்று. அதற்குக் கீழே, ஆறு அகன்று சோம்பிக் கிடக்கிற வளைவில் ஒன்று. கரையில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு ஜன்னல். பதினேழு வருஷமாக அதே ஜன்னல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி, என் மாமனார், என் மேலதிகாரிகூட இருந்தார். காயில்காரன் வாயில் கம்பியோடு சொன்னான்: "உத்தியோகம்னா மச்சான் உத்தியோகம்தான். குச்சியைப் பாத்து நம்பர் எழுதினா சம்பளம். எழுதாட்டி ஆறு என்ன ஓடியா போயிடப்போகுது?" எல்லோரும் சிரித்தார்கள். மேலதிகாரியும் சிரித்தார். 'ஆறு ஓடத்தானேடா செய்யும்' என்று நான் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அது மூன்று நாள் கழித்துத்தான் வாயில் வந்தது. அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். தெருவில் எதிரே வந்தால் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான்.

நடுவில் மாட்டிக்கொண்டது என் தங்கை. அவளும் சும்மா இருப்பவள் இல்லை. வீட்டின் பின்னறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று வைத்திருந்தாள். ஐந்நூறு முட்டை கொள்ளும், பீரோ மாதிரி உயரம். ஊருக்கு வெளியே உள்ள கோழிப் பண்ணைக்காரம்மா முட்டை கொடுப்பார். இருபத்தொரு நாள் கழித்து இவள் குஞ்சாகத் திருப்பித் தர வேண்டும். பெட்டிக்குள் சூடு முப்பத்தேழரையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஆனால் எங்கள் ஊர்க் கரண்டுக்கு அந்த வித்தை தெரியாது. நினைத்தால் வரும், நினைத்தால் போகும். பேட்டரி போட்டுப் பார்த்தாள். சூடு கொடுக்கிற கம்பி பேட்டரியை மூன்று மணி நேரத்தில் உறிஞ்சிவிட்டது. முதல் தடவை முட்டை மொத்தமும் போனது. இரண்டாவது தடவை பாதி போனது. "இன்னொரு தடவை பாப்பேன்மா. அதுவும் போச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன். உயிராச்சே இது, விளையாட்டா?" என்று பண்ணைக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டி அவளுக்குத் தொழில் மட்டும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று தொடங்கிய ஒரே காரியம் அது.

அப்போதுதான் காயில்காரனுக்கு ஞானோதயம். ஆறு வீட்டுக்குப் பின்னாலேயே போகிறது. வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிறது. இரண்டு மிதவைக்கு நடுவே துடுப்புச் சக்கரம் ஒன்றை மிதக்கவிட்டால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் காந்தம் வைத்து, மெதுவான சுற்றுக்கு ஏற்ற மாதிரி காயில் சுற்றினால், கொஞ்சமோ நஞ்சமோ நிற்காத கரண்ட். நூற்றைம்பது வாட் போதும், பேட்டரி எப்போதும் நிறைந்தே இருக்கும். யோசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எனக்கு வயிற்றெரிச்சல்.

சக்கரம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று தெரிய, ஆற்றின் வேகம் தெரிய வேண்டும். அந்த எண் என் நோட்டில் இருந்தது. என்னிடம் கேட்பானா? தானே அளந்தான். கடையை மதியம் சாத்திவிட்டு வருவான். அந்த வளைவில் கரையோரமாக இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்தான். மேல் முளையில் ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை மூடிபோட்டுத் தண்ணீரில் விடுவான், கீழ் முளைவரை கூடவே ஓடுவான், செல்போனில் நேரம் பார்ப்பான். நான் ஜன்னலில் டீயை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

மதியம் எங்கள் ஆற்றில் தண்ணீர் போகிற திசையிலேயே காற்று வீசும். காலி பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீருக்கு மேலேதான் நிற்கும். அதைத் தள்ளிக்கொண்டு போனது ஆறு இல்லை, காற்று. பத்து தடவை விட்டான். பத்து தடவையும் இருபத்துநாலு, இருபத்தைந்து விநாடி. ஒரே மாதிரி வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கணக்கில் விநாடிக்கு எண்பது சென்டிமீட்டர் வேகத்தில் ஆறு ஓடியது. அதே வாரம் அதே இடத்தில் என் நோட்டில் நாற்பத்திரண்டு. வேகம் பாதியானால் கரண்டும் பாதியாகும் என்று நினைக்காதீர்கள். எட்டில் ஒரு பங்காகிவிடும். அது எனக்குத் தெரியும். எழுந்து போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் இன்னொரு டீ ஊற்றிக்கொண்டேன். ஊர் முன்னால் அவன் மூக்கு உடையட்டும், அதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

இரண்டு மாதம் உழைத்தான். நான்கு எண்ணெய்ப் பீப்பாய், பழைய இரும்புத் தகடு, ஸ்கூட்டர் சங்கிலி. காயிலை மட்டும் மூன்று தடவை சுற்றிப் பிரித்தானாம். மிதக்கவிட்ட அன்று தெருவே கரையில் நின்றது. சக்கரம் அசைந்து, சுற்றி, ஒரு சின்ன பல்பு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அது ஒன்பது வாட் பல்பு. ஒன்பது வாட்டுக்குச் சோம்பேறி ஆறும் போதும். மீட்டரில் பதினெட்டு, இருபது வாட்தான் காட்டியது என்று பிறகு தெரிந்தது. "பேரிங் புதுசு, இறுக்கமா இருக்கு. ஓட ஓடச் சரியாயிடும்" என்றானாம். அதற்கப்புறம் தினமும் கிரீஸ் போட்டான், சங்கிலியை மாற்றினான், காயிலைப் பிரித்துப் பார்த்தான். இயந்திரம் முழுக்கத் தப்பைத் தேடினான். அளந்த எண்ணில் மட்டும் தேடவில்லை. தானே பத்து தடவை அளந்த எண்ணாயிற்றே.

அந்த வாரம் என் தங்கை கொட்டகைக்கு வந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணே, பண்ணையம்மா போன் பண்ணாங்க. இந்த வெள்ளிக்கிழமை முட்டை எடுத்துக்கறியா, இல்ல அடுத்த மாசமான்னு கேக்கறாங்க. அவரு சக்கரம் சரியாயிடும், தைரியமா எடுங்கறாரு. நீ தினமும் ஆத்தைப் பாக்கறவன். நீ சொல்லு. எடுக்கவா, வேண்டாமா?"

"என்னை எதுக்குக் கேக்கறே? ஆரம்பிக்கும்போது உன் புருஷன் என்னைக் கேட்டானா?"

"அவரு கேக்கலண்ணே. நான் கேக்கறேன்ல."

"குச்சியைப் பாத்து நம்பர் எழுதறவனுக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும்? அவன்தான் பெரிய விஞ்ஞானி. அவனையே கேளு."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்போ தப்பா ஒண்ணும் தெரியலையே உனக்கு?" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை" என்றேன். நோட்டு மேஜையில்தான் இருந்தது. திறந்துதான் இருந்தது. அவள் போனாள். வெள்ளிக்கிழமை நானூற்றெண்பது முட்டை எடுத்தாள்.

எட்டு நாள் கரண்ட் நல்ல பிள்ளையாக இருந்தது. ஒன்பதாம் நாள் பட்டப்பகலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வேறு கொண்டுவந்து வைக்க மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். பேட்டரி பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிட்டது. சக்கரம் கொடுத்த இருபது வாட், பெட்டியின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அளவு எடுக்க வந்தேன். வளைவில் காயில்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாக என்று தெரியாது. தகட்டு விளிம்பு கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. பல்லிடுக்கில் கம்பி இல்லை. இதைப் பார்க்கத்தானே காத்திருந்தாய், நன்றாகப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு சந்தோஷமும் வரவில்லை. கரைக்கு இறங்கினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துத்தான் கேட்டான். "ஆறு குறைஞ்சுபோச்சா?"

"ஆறு அப்படியேதான் இருக்கு. இந்த இடத்துல என்னைக்கும் இவ்வளவுதான்."

"நான் அளந்தேன். பத்து தடவை அளந்தேன்."

"நீ அளந்தது காத்தை. காலி பாட்டிலைப் போட்டா காத்துதான் தள்ளிட்டுப் போகும். பாதிக்கு மேல தண்ணி ஊத்திப் போட்டிருக்கணும். காத்து இல்லாத காலை வேளையில போட்டிருக்கணும்."

அவன் கை நின்றது. சக்கரம் இரண்டு துடுப்பு தள்ளிப் பழைய சோம்பல் சுற்றுக்கு வந்தது. "காலி பாட்டில்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

கொட்டகை ஜன்னல் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி மேலே இருந்தது. அவனும் அதைப் பார்த்தான்.

"பெட்டி முப்பதுக்கு இறங்கிடுச்சுன்னு சொல்ல வந்தேன்." குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. என் தங்கை. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்க வெந்நீர் பாட்டில்களைப் பெட்டிக்குள் மாற்றி மாற்றி வைத்ததில் அவள் புடவையெல்லாம் நனைந்திருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி உன்கிட்ட வந்து கேட்டேனேண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

"பாலத்துக்கு அடியில கொண்டுபோகணும். அங்க எண்பத்தஞ்சு இருக்கு" என்றேன். காயில்காரன் மிதவையின் கயிற்றை அவிழ்த்தான். அவன் தண்ணீரில், நான் கரையில். முந்நூறு மீட்டர், ஆற்றுக்கு எதிராக. கயிறு என் தோளை அறுத்தது. வேண்டும் எனக்கு என்று இழுத்தேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் இரண்டு தூணுக்கு நடுவே கட்டினோம். தண்ணீர் பிடித்தவுடன் சக்கரம் இதுவரை கேட்காத ஒரு சத்தத்தோடு சுழன்றது. மீட்டரில் நூற்றைம்பத்தெட்டு. அவன் செய்த இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. வயர் வீடுவரை எட்டாததால் பேட்டரியைக் கரையில் வைத்து ஏற்றி, சைக்கிளில் மாற்றி மாற்றிக் கொண்டுபோனோம். சாயங்காலம் பெட்டி முப்பத்தேழரைக்கு வந்தது.

மறுநாள் அவள் பின்னறையின் ஜன்னலை மூடிவிட்டு, ஒவ்வொரு முட்டையாக டார்ச்சுக்கு மேல் பிடித்துப் பார்த்தாள். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பு நரம்பு ஓடும். இல்லையென்றால் ஒரு கறுத்த வளையம் மட்டும் தெரியும். நான் வாசலில் நின்றேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "இல்ல" என்று ஒரு முட்டையை வாளியில் வைப்பாள். "இல்ல." "இல்ல." காயில்காரன் வாளியை மாற்றினான். மூன்றாவது வாளிக்குமேல் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள், வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இருபத்தொன்றாம் நாள் முப்பத்தேழு குஞ்சு வெளியே வந்தது. பண்ணைக்காரம்மா வந்து அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. வேறு ஆளைப் பார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னார்.

இப்போது பாலத்துக்கடியில் சக்கரம் நாள் முழுக்கச் சுற்றுகிறது. வயர் இழுத்தாயிற்று. கரண்ட் போனாலும் பெட்டி அசையாமல் முப்பத்தேழரையில் நிற்கிறது. உள்ளே தட்டுகள் காலி. அவள் தினமும் துடைத்து வைக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள்.

காயில்காரன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாரம் ஒருமுறை கொட்டகைக்கு வருகிறான், ஆற்றின் வேகத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறான், "வரேன் மச்சான்" என்று போகிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கேட்க மாட்டேன் என்கிறானே, அதற்காகவும் அவனைப் பிடிக்கவில்லை.

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். கோழி வளர்க்கிற வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கி, அறுபது முட்டை சேர்த்தேன். அட்டையில் அடுக்கி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதவைத் திறந்தாள். நிலைப்படியிலேயே நின்றாள். அட்டையைப் பார்த்தாள், ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தனை நாள் முட்டை?"

"புதுசுதாம்மா. நாலஞ்சு நாளுக்குள்ள இருக்கும்."

"ஒரு வாரம் தாண்டினா பொரியாது. ஒவ்வொரு வீட்லயும் கேட்டியா, இல்ல நீயா சொல்றியா?"

ஆமாம், கேட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்து வீட்டில் மூன்று வீட்டில்தான் கேட்டிருந்தேன்.

"எல்லா வீட்லயும் கேக்கலை" என்றேன்.

அவள் முட்டையை அட்டையில் வைத்தாள். இரண்டு கையாலும் அட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"கேட்டுட்டு வா" என்றாள். கதவைச் சாத்தினாள்.

அட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் வீட்டுக்குத் திரும்பிப் போனேன்.